கருந்துளைக்கு அக்கம்பக்கம்

“ஏஞ்சாமி, அந்தக் கருப்பு ஓட்டையச் சுத்தி என்ன இருந்தா நம்மளுக்கென்ன? அதுக்குப் பக்கத்துல காடு வாங்கவா போறோம்?”

என் பெரியப்பா இதைக் கேட்டது எங்கள் வீட்டு வாசலில், ஒரு சொம்பு மோரைக் குடித்து முடித்த பிறகு. குடிப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால் மோர் வந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். நான் அப்போது சேலத்தில் இயற்பியல் முதுகலை இறுதி ஆண்டில் இருந்தேன். என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் இதைக் கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் நான் சொன்னது புரியவில்லை. பெரியப்பா சொன்னது புரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அடக்கமாகச் சொன்னால் எங்கள் வீட்டில் யார் காதிலும் விழாது. அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ஆண்டில் பாதி நாள் வெளி மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருப்பார். அம்மா பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளி, எண்ணி, கவுளி என்னும் கட்டுகளாகக் கட்டுவார். வாய்க்கால் பாயும் அந்தப் பக்கத்தில் வாழை, கரும்பு, வெற்றிலை எல்லாம் உண்டு. நாங்கள் மேட்டுப் பக்கம். காவிரி எங்களுக்கும் பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

பெரியப்பாவாவது நேராகக் கேட்டார். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, அந்த ஓட்டை வானத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று விசாரித்தார். ஈசானிய மூலையில் இருந்தால் பயமில்லையாம். எங்கள் பகுதியில் பூமிக்குள் போடும் துளைக்கு அதுதான் சரியான மூலை. வானத்துக்கு மட்டும் வேறு வாஸ்துவா இருக்கப்போகிறது?

விஷயம் இதுதான். பிரபஞ்சம் பிறந்து நூறு கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்திலேயே, சூரியனைப் போல நூறு கோடி மடங்கு எடையுள்ள கருந்துளைகள் இருந்திருக்கின்றன. சுற்றியுள்ள வாயுவை அவை விழுங்கும்போது, உள்ளே விழப்போகும் வாயு சூடேறிப் பெரும் ஒளியாக எரிகிறது. அந்த ஒளியைத்தான் இத்தனை கோடி ஆண்டுகள் கழித்து நாம் பார்க்கிறோம். அத்தனை சீக்கிரத்தில் அத்தனை பெரியதாக அவை வளர்ந்தது எப்படி என்பதுதான் கேள்வி. நாமக்கல் மாவட்டத்தில் இதை விளக்குவது சுலபம். போன வாரம் முட்டையிலிருந்து வந்த குஞ்சு இந்த வாரம் யானை அளவுக்கு நின்றால், பண்ணைக்காரர் என்ன கேட்பார்? என்ன தீனி போட்டாய் என்று கேட்பார். வானியலாளர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் நீளமாக.

தீனி எவ்வளவு இருந்தது என்று அறிய அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வாயு ஏராளமாக இருந்த இடம் என்றால், அந்தக் கருந்துளையைச் சுற்றி நிறைய விண்மீன் மண்டலங்களும் உருவாகியிருக்க வேண்டும். கூட்டம் இருந்தால் தீனி இருந்தது என்று பொருள். அப்படிப்பட்ட ஒரு கருந்துளையைச் சுற்றி எத்தனை மண்டலங்கள் இருக்கின்றன என்று எண்ணுவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட ஆய்வு.

எங்கள் கல்லூரியிலும் ஒரு தொலைநோக்கி உண்டு. அதைத் திறக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். நல்லவேளையாக எனக்கு அது தேவைப்படவில்லை. உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் கல்லூரி வைஃபையில் சினிமா இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வானத்தில் ஒரு துண்டை இறக்கினேன்.

விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து மடிக்கணினித் திரையில் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார்.

“என்ன பண்றே?”

“எண்ணிட்டிருக்கேனுங்கம்மா.”

“இதுக்கா சேலம் வரைக்கும் போனே? எண்ணறதுன்னா நானுந்தான் பொழுதன்னைக்கும் எண்ணறேன். எனக்கு எவன் பட்டம் குடுத்தான்?”

எண்ணி முடித்தபோது முடிவு விநோதமாக இருந்தது. கருந்துளையைச் சுற்றிக் கூட்டமே இல்லை. வானத்தின் ஏதோ ஒரு சாதாரண மூலையில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. திரும்ப எண்ணினேன். அதே முடிவு.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“காலி,” என்றார். “அக்கம்பக்கமே கிடையாது. தனிக்காட்டு ராஜா. எல்லாரும் கூட்டம்னு சொல்லும்போது நீ காலின்னு சொல்றே. நேர்காணல்ல இதைச் சொல்லும்மா, உன்னை மறக்கவே மாட்டாங்க.”

நேர்காணல் என்று அவர் சொன்னது, வெளி மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டப் படிப்புக்கானது. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். இடங்கள் மிகக் குறைவு. அந்த இடம் எனக்குக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளி, மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல் நடத்த என்னை அழைத்திருந்தது. அங்கே பிள்ளைகளை வளர்க்கும் முறைக்கும் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் கோழி வளர்க்கும் முறைக்கும் வித்தியாசம் உண்டு: கோழிக்கு வாராந்தரத் தேர்வு கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. எனக்கு அந்த ஆராய்ச்சி இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் என் வானம் அந்தப் பள்ளியின் தகரக் கூரையோடு முடிந்துவிடும்.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் ஊருக்கு வந்திருந்தேன். அந்த வாரத்தில்தான் பெரியப்பாவின் காட்டை, அதாவது அவருடைய மானாவாரி நிலத்தை, விலைக்குப் பார்க்க ஒருவர் வந்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மேட்டில் தண்ணீர் வராத போர் என்று ஒன்று கிடையாது. அதாவது, போடுவோம், வராது, அப்புறம் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது. ரிக் வண்டி வரும்போது கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். தண்ணீருக்குப் பதிலாக வெள்ளைப் புழுதி கிளம்பி எல்லோர் தலையிலும் படியும். துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் அந்தத் துளையின் மேல் ஒரு பலகைக் கல் வந்திருக்கும். கல்லைச் சுற்றிச் சோளத்தட்டு அடுக்கியிருக்கும். பெண் எடுக்க வருபவரும் நிலம் கேட்டு வருபவரும் முதலில் கேட்பது தண்ணீரைத்தான் என்பதால், யாரும் தன்னுடைய காய்ந்த போரைப் பற்றிப் பேசுவதில்லை. பிறத்தியாருடையதைப் பற்றியும் பேசுவதில்லை. அது மரியாதை.

எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கோழிப்பண்ணை இருக்கிறது. அது வந்தபோது பூமியின் அடிவயிறு வரை போர் இறக்கினார்கள். அதுவரை சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த போர்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அவற்றின் மேலும் கல் வந்தது. பெரியப்பாவின் போர்கள் அந்த வகை. அவற்றைத் தோண்டியது என் அப்பா.

காடு பார்க்க வந்தவர் கோழிக் கொட்டகை போட இடம் தேடுபவர். நாமக்கல் பக்கம். காரைத் தடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, நடுக்காட்டில் நின்று காதைக் கூர்மையாக்கினார்.

“பண்ணை மோட்டார் ஒண்ணுதான் ஓடுது. சுத்தி யாருமே போரு போடலீங்களா?”

“யாருங்க போட்டா?” என்றார் பெரியப்பா. “எல்லாம் மானம் பாத்த பூமிங்க. பூமித்தாய நாங்க குத்தறதில்லீங்க.”

ரிக் வண்டியில் முப்பது வயதிலிருந்து பூமித்தாயைக் குத்திக்கொண்டிருக்கும் என் அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். அத்தனை கவனமாக அவர் வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

வந்தவருக்கு முகம் மலர்ந்தது. “அப்ப அடித்தண்ணி அப்படியே இருக்கோணும். உறிய ஆளே இல்ல பாருங்க.”

சொல்லிவிட்டு, செருப்பில் ஏறிய முள்ளை எடுக்க ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வயதுப் பெண்கள் எங்கள் ஊரில் அந்த மாதிரி நேரத்தில் சும்மா இருப்பார்கள்.

“அது உக்கார்ற கல்லு இல்லீங்க,” என்றேன். “போரு மூடி.”

பண்ணை மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“சாமி, நீ ஊட்டுக்குப் போயி படிக்கிற வேலையப் பாரு,” என்றார் பெரியப்பா.

“எந்தப் போருங்க?” என்று கேட்டபடி வந்தவர் எழுந்தார், கல் சுட்டதுபோல.

“பெரியப்பாவோடதுங்க. அந்தச் சோளத்தட்டுக்கு அடியில இன்னொண்ணு இருக்குதுங்க. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் இருக்குதுங்க. எதுவும் ஓடறதில்ல, அதான் உங்களுக்குக் கேக்கல.”

அவர் முள்ளை எடுக்காமலேயே கிளம்பினார். கார் போன புழுதி அடங்கும் வரை பெரியப்பா பொறுத்திருந்தார்.

“பொட்டப்புள்ளயப் படிக்க வெச்சா வாயி நீளும்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டியாடா?”

அப்பா மெதுவாகச் சொன்னார்: “தோண்டுனது யாருன்னு அவரு கேக்காமப் போனாரே, அதுவரைக்கும் போதுமுங்கண்ணா.”

எனக்கு ஞானம் எதுவும் பிறக்கவில்லை. எரிச்சல்தான் இருந்தது. ஓடுகிற மோட்டாரை மட்டும் காதால் எண்ணிவிட்டு, ஆளே இல்லை என்று ஒரு மனிதர் அத்தனை சந்தோஷமாக முடிவு கட்டலாமா? அதையும் இதையும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கை கால் கழுவும்போதுதான், அந்தச் சந்தோஷத்தை எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். என் பேராசிரியர் முகத்தில் பார்த்தேன். காலி என்று அவர் சொன்னபோது.

நான் பயன்படுத்திய படங்கள் ஒரு குறிப்பிட்ட ஃபில்டர் வழியாக எடுக்கப்பட்டவை. புதிதாகப் பிறந்த நட்சத்திரங்கள் தங்களைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனை ஒளிரவைக்கும். அந்த ஒளியை மட்டும்தான் அந்த ஃபில்டர் பிடிக்கும். அதாவது, இப்போது நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கும் மண்டலம்தான் அதில் தெரியும். ஆனால் எரிந்துகொண்டிருக்கும் ஒரு ராட்சதக் கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய மண்டலத்தின் கதி என்ன? அந்தக் கடும் ஒளி அதன் வாயுவைச் சூடாக்கிவிடும். சூடான வாயுவிலிருந்து நட்சத்திரம் பிறக்காது. மண்டலம் அங்கேயேதான் இருக்கும், முன்பே பிறந்த நட்சத்திரங்களோடு. ஓடாது, அவ்வளவுதான். தூசியால் மூடப்பட்ட மண்டலங்களும் அந்த ஃபில்டருக்குத் தெரியாது. ஆக, நான் எண்ணியது அக்கம்பக்கத்தை அல்ல. ஓடுகிறவற்றை மட்டும்தான்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

“சார், காலின்னு சொல்ல முடியாது சார். நின்னுபோனதை அந்த ஃபில்டர் பாக்காது.”

“சரி. அப்ப உன் முடிவு என்ன?”

“தெரியாதுங்கறதுதான் சார்.”

அவர் சலித்துக்கொண்டார்.

“தெரியாதுங்கறதுக்கு யாரும்மா சீட்டு குடுப்பாங்க? உனக்கு அந்த இடம் வேணுமா வேண்டாமா? காலின்னு சொல்லிட்டு வா. சீட்டு கிடைச்ச பிறகு தாராளமா சந்தேகப்படு.”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேலை கிடைத்த விதம் அது. சந்தேகப்படுவதற்கு மட்டும் பிறகு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

நேர்காணல் அறையில் நீண்ட மேசை. எல்லோர் முன்னாலும் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது, என் முன்னால் மட்டும் இல்லை. ஒரு மூத்த விஞ்ஞானி என் விண்ணப்பத்தைப் புரட்டி, “நாமக்கல்லா? முட்டை ஊர்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேசை சிரித்தது. விஞ்ஞானிகளின் நகைச்சுவை உணர்வு எங்கள் டவுன் பஸ் கண்டக்டருடையதைவிட மேம்பட்டதாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது என் தவறு.

நான் ஆய்வை விளக்கினேன். எண்ணிக்கை குறைவாக வந்ததைச் சொன்னேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் விஞ்ஞானி அதுவரை எதையும் கேட்காமல் இருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

“ஆக, அந்தக் கருந்துளையைச் சுற்றிக் காலி என்கிறீர்கள்?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பேராசிரியர் சொன்னதுபோல அவர்கள் என்னை மறந்திருக்க மாட்டார்கள். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அந்தச் சொல் நாக்கில் கனத்தது.

“இல்லை மேடம்,” என்றேன். “நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் மண்டலங்கள் குறைவு. அவ்வளவுதான் என் படங்களிலிருந்து சொல்ல முடியும். நின்றுபோனவை எத்தனை என்று எனக்குத் தெரியாது.”

முட்டை ஊர்க்காரர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்படியென்றால் உங்கள் கண்டுபிடிப்பு, நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதா?”

“எண்ணியதைச் சொன்னேன் சார். எண்ணாததையும் சேர்த்துச் சொன்னால் அது உங்களுக்குப் பிடித்த முடிவாக இருக்கும், என் முடிவாக இருக்காது.”

இதைச் சொன்ன பிறகுதான் என் குரல் உயர்ந்திருந்ததைக் கவனித்தேன். மேசை இந்த முறை சிரிக்கவில்லை.

ஓரத்துப் பெண் விஞ்ஞானி கேட்டார்: “நின்றுபோனவற்றை எப்படித் தேடுவீர்கள்?”

அதே துண்டு வானத்தை விண்வெளித் தொலைநோக்கி ஒன்று அகச்சிவப்பில் எடுத்த படங்களும் பொதுவில் இருக்கின்றன என்றேன். பழைய நட்சத்திரங்களின் ஒளியும் தூசிக்குள்ளிருந்து வரும் ஒளியும் அதில் தெரியும். நிறத்தை வைத்துத் தூரத்தை ஓரளவு கணிக்கலாம்.

“தேடினீர்களா?”

“போன வாரம்தான் மேடம் புரிந்தது.”

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். மாலையில் முடிவு ஒட்டினார்கள். என் பெயர் காத்திருப்போர் வரிசையில் இருந்தது.

காடு பார்க்க வந்தவர் திரும்பிப் போன நாளிலிருந்து பெரியப்பா என்னோடு பேசவில்லை; ஊர் திரும்பியதும் அந்த விரதத்தை எனக்காக முறித்தார். “காத்திருக்கச் சொன்னாங்களா? காத்திருக்கச் சொல்ல நம்ம வேலூர் பஸ் ஸ்டாண்டே போதுமே சாமி. அதுக்கு ரயிலேறி எதுக்குப் போனே?”

விடுதிப் பள்ளியிலிருந்து மறுபடி போன் வந்தது. அம்மா எடுத்து, “புள்ள எண்ணிட்டிருக்கறா, அப்பறம் கூப்புடுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன எண்ணுகிறாள் என்று அவர்கள் கேட்டார்களாம். அது பெரிய கதை என்றாராம். அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நீளமானது இதுதான்.

உண்மையிலேயே எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் சிக்னல் போதாததால், அகச்சிவப்புப் படங்களைப் பரமத்தி வேலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மணி இது, ஒரே கருப்பா இருக்குது? பிரிண்ட் கிண்ட் கேட்டுறாதீங்க, மை தீந்துரும்,” என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு புள்ளியாகப் பிரித்தேன். முன்னால் இருப்பவை, பின்னால் இருப்பவை, நம் பக்கத்து நட்சத்திரங்கள், கருவியின் கோளாறு என்று தள்ளத் தள்ள, கடைசியில் மங்கலான சில சிவப்புப் புள்ளிகள் மிஞ்சின. முதல் படங்களில் அந்த இடங்களில் ஒன்றுமே இல்லை. இதில் இருந்தன. பெருங்கூட்டம் என்று சொல்ல முடியாது. காலி என்றும் இனி யாரும் சொல்ல முடியாது. அவை எல்லாம் கருந்துளை இருக்கும் அதே தூரத்தில்தான் இருக்கின்றன என்று நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது; அதையும் எழுதினேன். எழுதி, அந்தப் பெண் விஞ்ஞானிக்கும் தேர்வுக் குழுவுக்கும் அனுப்பினேன். பேராசிரியருக்கும் ஒரு பிரதி போட்டேன்.

முதலில் பதில் போட்டவர் பேராசிரியர்தான். “நல்லவேளை, அவசரப்பட்டுக் காலின்னு சொல்லிடாம நிதானமா இருன்னு நான் சொன்னதைக் கேட்டே.”

நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் பிறகு வந்தது. காத்திருப்போர் வரிசையிலிருந்து என்னை எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் சேர வேண்டும். யாரிடம் ஆராய்ச்சி செய்ய விருப்பம் என்று கேட்டிருந்தார்கள். எல்லாம் சரி, கடிதம் ‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்கியிருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“ஆம்பளைன்னா நெனச்சாங்க? உன்ற பேரக்கூடவா பாக்கல?”

“அவசரமுங்கம்மா.”

“இவிங்கதான் வானத்துல இருக்கறத எண்ணறவீங்களா,” என்று சொல்லிவிட்டு அம்மா கொடிக்காலுக்குக் கிளம்பினார்.

நன்றி சொல்லி, ஐயா என்பதைத் திருத்தி, அந்தப் பெண் விஞ்ஞானியிடம் சேர விருப்பம் என்று எழுதினேன். விடுதிப் பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரேயொரு கருந்துளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாக் கருந்துளைகளைப் பற்றியும் பேசினால், அந்த மேசையில் முட்டை ஊர்க்காரர் என்னைச் சும்மா விட மாட்டார், விடவும் கூடாது. அதனால் வானத்தின் வேறொரு பக்கத்தில், ஏறத்தாழ அதே தூரத்தில், இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு இரண்டு வகைப் படங்களையும் நேற்று இறக்கி முடித்தேன். இன்று காலை இடது மேல் மூலையிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டேன்.